சொல்லிக்கொண்டு கிளம்பட்டும்

சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்கியதுமே உத்ஸவம் முடிந்ததெனக் கருதி, கோடை விடுமுறைக்கு மதுரையிலுள்ள தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்த குழந்தைகளை, தோப்பறைத் தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீரில் நனைந்த சட்டை உலருமுன்பே சென்னைக்கும் கோவைக்கும் பஸ் ஏற்றிவிடும் பெற்றோரின் அவசரம் எனக்குச் சம்மதமில்லை. வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு என்று தங்கித் தங்கி, சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அழகர் மலைக்கு ஸ்வாமி திரும்பும்போது, எதிர்சேவையில் ஆரவாரித்து வரவேற்ற அதே ஜனங்கள், சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடமேற்றி, சற்றும் உற்சாகம் குறையாமல் வழியனுப்பவும் கூடுகிறார்கள். பிரிவையே ஒரு வைபவமாக நடத்தும் இந்த நிதானத்தை எந்தக் கோடை முகாமும் கற்பிப்பதாகத் தெரியவில்லை. அழுமே என்று, தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நழுவுவது நம் வீடுகளில் சாதுரியமாக எண்ணப்படுகிறது (பாட்டிகளும் இதற்கு உடந்தை!); ஆனால் பாதி வழியில் விழித்தெழும் குழந்தைக்கு அது வஞ்சனையன்றி வேறென்ன? பூப்பல்லக்குப் பார்த்த மறுநாள், பட்டப்பகலில், தெருவில் கூட விளையாடிய பிள்ளைகளிடம் குழந்தை தானே சொல்லிக்கொண்டு கிளம்பட்டும். அழுதால் அழட்டும், பள்ளி திறக்க ஜூன் வரை நாளிருக்கிறது.