100 கிராம், 600 கிராம், 1.7 கிலோ... மல்யுத்த வீரர்கள் எடையில் கோட்டை விடுவது ஏன்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை வந்த வினேஷ் போகத், 100 கிராம் எடை கூடியதால் கைக்கு வந்த பதக்கத்தை இழந்தார். அதற்குப் பிறகாவது மாறியிருக்கும் என்று பார்த்தால், 2025 ஆகஸ்ட்டில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஒரு இந்திய வீராங்கனை 600 கிராம் கூடுதல். அடுத்த மாதமே சீனியர் உலகப் போட்டியில் அமன் ஷெராவத் 1.7 கிலோ கூடுதல். இருவராலும் களத்தில் காலே வைக்க முடியவில்லை.

"சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாமே?" என்று கேட்பவர்கள் அதிகம். சிக்கலே அங்கேதான் இருக்கு.

எடை எப்படிக் குறைகிறது?

போட்டி வாரத்தில் இவர்கள் கரைப்பது பெரும்பாலும் கொழுப்பை அல்ல, தண்ணீரை. உடலில் சேமிப்பாக இருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, சப்பாத்தியை நிறுத்தினால் அந்தத் தண்ணீர் முதலில் வெளியேறும். அப்புறம் உப்பு கட், தண்ணீர் கட், நீராவி அறை. ஒரு லிட்டர் வியர்த்தால் ஒரு கிலோ போச்சு.

ஆனால் சாப்பிட்டதும் அதே வேகத்தில் எடை திரும்பிவிடும். முதல் நாள் காலை 50 கிலோவுக்குள் இருந்த வினேஷ், அன்றைய 3 போட்டிகள் முடிந்து உணவும் நீரும் எடுத்த பிறகு 2.7 கிலோ கூடியிருந்தார். ராத்திரி முழுக்கப் பயிற்சி செய்து, முடியைக்கூட வெட்டிப் பார்த்தும் 100 கிராம் மிஞ்சியது. அரை டம்ளர் தண்ணீர்தான் அது!

வளரும் வயதில் என்ன ஆபத்து?

15 வயதுப் பிள்ளைக்கு உடம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். போன வருஷ எடைப்பிரிவிலேயே நிறுத்தி வைக்கத் தட்டில் கை வைத்தால், எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு சக்தி எல்லாமே அடிவாங்கும். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததால் வரும் இந்தப் பாதிப்புக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது இதன் முக்கிய அறிகுறி. 'கடுமையா பயிற்சி பண்றா, அப்படித்தான் இருக்கும்' என்று விடக்கூடாது. 3 மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, சோற்றைக் கண்டால் பயம், புரோட்டீன் டப்பா மேல் பாசம். 50 கிலோ வீரருக்குத் தேவை நாளுக்கு 60 முதல் 100 கிராம் புரதம். முட்டை, பால், பருப்பு, மீன், கோழியிலேயே அது கிடைத்துவிடும். டப்பாவில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது.

வேறு வழி இல்லையா?

இருக்கு. அமெரிக்காவில் 1997-ல் சுமார் ஒரு மாத இடைவெளிக்குள் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையைக் குறைக்கும்போதே உயிரிழந்தார்கள். அதன்பிறகு கல்லூரிப் போட்டிகளில் நீராவி அறைக்கும் ரப்பர் உடைக்கும் தடை வந்தது. இப்போது அங்கே சீசன் தொடங்கும் முன்பே சிறுநீர்ப் பரிசோதனை செய்து, உடலில் உள்ள கொழுப்பையும் அளந்து, ஒவ்வொருவரும் எந்த எடைக்குக் கீழே இறங்கக்கூடாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.