மலிவான கண்ணீர்

என்னுடைய நாவல் ஒன்றில் கதாநாயகன் மேடையேறிப் பேசுகிறான்: "பிரமிடுகளின் ஒவ்வொரு கல்லிலும் ஓர் அடிமையின் முதுகுத் தோல் ஒட்டிக் கொண்டிருக்கிறது!" கூட்டம் கை தட்டுவதாக அந்த அத்தியாயத்தை முடித்திருந்தேன். வாசகர்களும் கை தட்டினார்கள். அந்த வரியைத் தம் டைரியில் எழுதி வைத்திருப்பதாக ஓர் அம்மையார் கடிதம் போட்டார். ஒரு மாணவர் அதைப் பேச்சுப் போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கியதாகத் தெரிவித்தார். அதை எழுதியபோது நான் எகிப்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் தோன்றவில்லை. அடிமை, சாட்டை, ரத்தம் ஆகிய மூன்றும் கைவசம் இருக்கும்போது எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வரியை வாபஸ் வாங்கிக் கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

2017-ல் கெய்ரோவுக்குப் போகும் சந்தர்ப்பம் வாய்த்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிற ஏற்பாடு. காலை எட்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் பஸ் ஏற வேண்டும். கீஸா பிரமிடுகள், ஸ்பிங்க்ஸ், பாப்பிரஸ் கடை, சாப்பாடு, அதன் பிறகு தஹ்ரீர் சதுக்கத்திலுள்ள மியூசியம். ஐந்து மணிக்குத் திரும்பவும் ஹோட்டல். நாங்கள் பதினான்கு பேர். அத்தனை பேரும் நம் ஊர்க்காரர்கள். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், யாரும் கேட்டுக் கொள்ளாமலே எங்களுக்குத் தலைவராகிவிட்டார்.

பெரிய பிரமிடின் அடியில் நின்று கைடு கணக்குச் சொன்னார். கட்டியபோது உயரம் 146 மீட்டர். உச்சி உதிர்ந்து இப்போது 138. ஏறத்தாழ 23 லட்சம் கற்கள். கூஃபு மன்னன் கட்டி நாலாயிரத்தைந்நூறு வருஷங்களாகின்றன. பெரியவர் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எத்தனை அடிமைகளின் ரத்தமோ! நம் சார்கூட ஒரு நாவலில் பிரமாதமாக எழுதியிருக்கிறாரே!" என்று என்னைக் காட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் கைடின் முகம் சுண்டிப் போயிற்று. இளைஞர், சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர். "அவர்கள் அடிமைகளே இல்லை. மன்னனைத் தெய்வமாக எண்ணிய எங்கள் ஜனங்கள் பக்தியோடு கட்டிய கோபுரம் இது" என்றார்.

ஒருவர் சாட்டையைக் காட்டினார்; மற்றவர் பக்தியைக் காட்டினார். கல்லை இழுத்தவனை இருவருமே காட்டவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

தனி டிக்கெட் வாங்கிக் கொண்டு உள்ளே போனோம். முதுகை வளைத்து ஏறி, மன்னனின் அறையை அடைந்தால் அங்கே இருப்பது மூடியில்லாத ஒரு கருங்கல் பெட்டி. அது காலி. சுற்றிலுமுள்ள கருங்கற்கள் சுமார் எண்ணூறு கிலோ மீட்டருக்கு அப்பால் அஸ்வானிலிருந்து நைல் நதியில் வந்தவை. இவற்றையெல்லாம் கைடு சொன்னார். எங்கள் தலைக்கு மேலே, பாரத்தைத் தாங்குவதற்காக அடுக்கடுக்காக விட்டிருக்கும் சிறு அறைகளின் சுவர்களில், கல் ஏற்றிய கோஷ்டியார் தங்கள் கோஷ்டியின் பெயரைச் செங்காவியால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. 'கூஃபுவின் சிநேகிதர்கள்' என்று ஒரு கோஷ்டி. பின்னால் வந்த மென்காவ்ரே மன்னனிடம் வேலை செய்த ஒரு கோஷ்டிக்கு 'மென்காவ்ரேயின் குடிகாரர்கள்' என்று பெயர்! சாட்டைக்கு நடுங்குகிறவன் வைத்துக் கொள்கிற பெயரா இது? பக்தியில் உருகுகிறவன் வைத்துக் கொள்கிற பெயர்தானா?

வெளியே வந்ததும் ஒட்டகச் சவாரி. என் ஒட்டகத்தைப் பிடித்து வந்தவன் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன். வெயிலில் ஒரு வட்டம் நடத்திக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, பேசியதற்கு மேல் இருபது பவுண்டு கேட்டான். பெரியவர் குறுக்கே விழுந்து தடுத்தார். "கொடுக்காதீர்கள் சார், இவர்களைப் பழக்கிவிடக் கூடாது!" நான் கொடுக்கவில்லை. பையன் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு நின்று போனான். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அரை மணிக்கு முன்பு அடிமைகளுக்காகப் பெருமூச்சு விட்டவர்கள்தாம் நாங்கள் இருவரும்!

மத்தியானம் மியூசியம். 1902-ல் திறந்த பழைய கட்டடம். கூஃபுவின் முழு உருவச் சிலை என்று நிச்சயமாகச் சொல்லக் கூடியது ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. தந்தத்தில் செய்தது, உயரம் ஏழரை சென்டிமீட்டர். அதைக் கைடு காட்டியபோது எல்லோரும் சிரித்தோம். மேல் மாடியில் மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையிலிருந்து 1920-ல் எடுத்த மரப் பொம்மைகள் இருந்தன. நாலாயிரம் வருஷப் பழசு. தச்சுப் பட்டறையில் ஒருவன் மரம் அறுக்கிறான். நெசவுக் கூடத்தில் பெண்கள் நூல் நூற்கிறார்கள். மாடுகளை ஓட்டி வந்து கணக்குக் காட்டுகிறார்கள். அந்த மியூசியத்திலே எனக்குத் தெரிந்த முகங்கள் என்று சொன்னால் அவைதாம். இரண்டு நிமிஷம் நின்றிருப்பேன். "சார், தங்க முகமூடிக்கு நேரமாகிவிட்டது!" என்று கைடு கூப்பிட்டார். ஓடினேன். துட்டன்காமூனின் முகமூடி, பத்து கிலோவுக்கு மேல் தங்கம். அங்கேதான் எங்களுக்கு முழுசாக இருபது நிமிஷம் கிடைத்தது.

ஊர் திரும்பிய பிறகுதான் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய காரியம். 1990-ல் ஸ்பிங்க்ஸுக்குத் தெற்கே ஒரு குதிரையின் கால் செங்கல் சுவரொன்றில் இடறியது. அங்கே தோண்டத் தோண்டப் பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. அரசனின் கோபுர நிழலில், தங்கள் பெயரையும் தொழிலையும் எழுதி வைத்துக் கொண்டு படுத்திருக்கிறார்கள். அடிமைக்கு யார் அந்த இடம் கொடுப்பார்கள்? எலும்புகளில் முறிவுகள் இருக்கின்றன. ஒழுங்காக வைத்துக் கட்டி, கூடிப் போன முறிவுகள். சுமை தாங்கித் தேய்ந்த முதுகெலும்புகளும் இருக்கின்றன. அருகிலேயே அவர்கள் வாழ்ந்த குடியிருப்பு, ரொட்டி சுட்ட அடுப்புகள், தின்று எறிந்த ஆட்டெலும்பு, மாட்டெலும்பு.

2013-ல் செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் கூஃபு காலத்துப் பாப்பிரஸ் ஏடுகள் அகப்பட்டன. எழுத்துள்ள பாப்பிரஸில் அவற்றைவிடப் பழையது கிடைத்ததில்லை. மெரெர் என்ற மேஸ்திரியின் தினக் கணக்கு அது. தன் ஆட்களோடு தூரா மலையிலே சுண்ணாம்புக் கல் ஏற்றிப் படகில் கீஸாவுக்குக் கொண்டு வந்ததை நாள் வாரியாகக் குறித்திருக்கிறான். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. எங்கே புறப்பட்டான், எங்கே இரவு தங்கினான் என்று எழுதியிருக்கிறது. இந்த ஏடுகளை 2016-ல் காட்சிக்கு வைத்தது நான் ஓடி ஓடிப் பார்த்த அதே மியூசியம்தான்!

உடனே ஒரு கேள்வி வரும். "அப்படியானால் மன்னர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீரா?" இல்லை. மன்னன் கூப்பிட்டால் போகாமலிருக்க முடியாது, கட்டாயம் இருந்தது. தேய்ந்த முதுகெலும்பு பக்தியினால் மட்டும் தேய்ந்ததல்ல. ஆனால் வாயில்லாப் பிராணிகளாகவா இருந்தார்கள்? கூஃபுவுக்கு ஆயிரத்து நானூறு வருஷங்கள் பின்னால், மூன்றாம் ராம்ஸேஸின் 29-ம் ஆட்சியாண்டில், அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளிகள் தானியக் கூலி பாக்கிக்காக வேலையைப் போட்டுவிட்டு, கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டு வந்தன என்று அதிகாரிகளிடம் சொன்னார்கள். அந்த வேலை நிறுத்தத்தின் தஸ்தாவேஜு இத்தாலியில் டூரின் மியூசியத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்டவனை ஏன் அடிமையாகவே வைத்திருக்க விரும்புகிறோம்? அடிமை கூலி கேட்க மாட்டான், அதனால்தான். அவன் நம்மிடமிருந்து எதிர்பார்ப்பது கண்ணீரை மட்டும். அது நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. கணக்கெழுதுகிற மெரெரும், பாக்கியைக் கேட்கிறவனும் அப்படியல்ல. அவர்களை ஒப்புக் கொண்டால் எதிரே ஒட்டகத்தைப் பிடித்துக் கொண்டு நிற்கிற பையனையும் ஒப்புக் கொள்ள வேண்டும். செத்துப் போனவனுக்கு அழுதுவிட்டு, உயிரோடிருப்பவனிடம் இருபது பவுண்டுக்குப் பேரம் பேச முடியாது. அன்று நான் பேசினேன். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

2025 நவம்பரில் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே பிரம்மாண்டமான புது மியூசியத்தை முழுதாகத் திறந்துவிட்டார்கள். துட்டன்காமூனின் கல்லறைப் பொருள்கள் அத்தனையும் அங்கே போய்விட்டன. ஒரே நாளில் பார்க்கிறவர்களுக்கு இனி இன்னும் சௌகரியம். போகிறவர்கள் கைடிடம், "ஸ்பிங்க்ஸுக்குத் தெற்கே இருப்பதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் கேட்காத வரைக்கும் அவரும் தங்கத்தைத்தான் காட்டுவார், குற்றம் அவருடையதல்ல.

என் நாவல் மறுபதிப்புக்கு வருகிறது. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். "ஜனங்களுக்குப் பிடித்த வரி, இருந்துவிட்டுப் போகட்டுமே சார்" என்றார் பதிப்பாளர். எடுத்துவிடும்படி எழுத்து மூலமே கேட்டிருக்கிறேன். டைரியில் எழுதி வைத்திருக்கும் அந்த அம்மையார் கண்ணில் இது பட்டால், தயவு செய்து அதை அடித்துவிட்டு, மெரெர் என்று எழுதிக் கொள்ளட்டும்.