முதல் 2 நிமிடம்தான் எல்லாம்: மாணவர் த்ரில்லர் படங்கள் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே சறுக்குகின்றன?

இருட்டு. மழை. தலையை மூடிய ஹூடி போட்ட ஒரு ஆள். கையில் கத்தி. ஓடும் ஒரு பெண். அலறல். கட். ரத்தச் சிவப்பில் டைட்டில்.

யூடியூபில் தமிழ் த்ரில்லர் குறும்படம் என்று தேடினால் இப்படித் தொடங்கும் படங்கள் வரிசை கட்டி நிற்கும். எடுத்தவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். உழைப்பில் குறை இருக்காது. ஆனாலும் பார்ப்பவரின் கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறது.

ஏன்? த்ரில்லருக்கு என்று இருக்கும் மரபுகளைப் பயன்படுத்துவது தவறா? பீங்கான் நகரமான விருத்தாசலத்தில் ஒரு மாணவர் குழு த்ரில்லர் எடுத்தால் அதன் தொடக்கம் எப்படி இருக்கலாம்? பார்க்கலாம்.

ஜானர் மரபு என்றால் என்ன?

பேய்ப் படத்தில் கதவு தானாகத் திறக்கும். காதல் படத்தில் புத்தகம் கீழே விழும், இருவரும் ஒரே நேரத்தில் குனிவார்கள். இப்படி ஒரு வகைப் படத்தில் திரும்பத் திரும்ப வந்து, பார்வையாளருக்குப் பழகிப்போன அடையாளங்கள்தான் ஜானர் மரபு.

த்ரில்லருக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. முகம் காட்டாத ஆள், கை மட்டும் தெரியும் குளோசப், பாதி வெளிச்சம், தனியாக இருக்கும் ஒருவர், ஒலிக்கும் போன், திடீர் நிசப்தம், காணாமல் போன ஒருவர்.

இவை பார்வையாளருக்குத் தரப்படும் வாக்குறுதி மாதிரி. "இது த்ரில்லர், கவனமாகப் பார்" என்று வசனமே இல்லாமல் சொல்லிவிடுகின்றன. சின்னப் படத்தில் இது பெரிய உதவி. கதாபாத்திரத்தை விளக்க அரை மணி நேரம் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது.

இதைப் பாடமாகவே வைத்திருக்கும் இடங்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் ஏஎஸ் நிலை மீடியா ஸ்டடீஸ் பாடத்தில், ஒரு புதிய கற்பனைப் படத்தின் டைட்டிலையும் தொடக்கத்தையும் அதிகபட்சம் 2 நிமிடத்துக்குள் எடுப்பது மாணவர்களுக்கான செய்முறைப் பணிகளில் ஒன்று. முழுப் படம் வேண்டாம், தொடக்கம் போதும். ஒரு ஜானரை மாணவர் புரிந்துகொண்டாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இருக்கிறதா?

இருக்கிறது. அதற்கு விருத்தாசலத்தோடு ஒரு தொடர்பும் உண்டு.

1986-ல் வெளியான 'ஊமை விழிகள்' படத்தை உருவாக்கியவர்கள் சென்னை திரைப்படக் கல்லூரியில் படித்த இளைஞர்கள். ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர்.அரவிந்தராஜ் இயக்கினார். போலீஸ் அதிகாரி தீனதயாளனாக நடித்தவர் விஜயகாந்த். அதே விஜயகாந்த் 20 ஆண்டுகள் கழித்து, 2006 சட்டமன்றத் தேர்தலில் விருத்தாசலம் தொகுதியில் நின்று முதல்முறையாக எம்.எல்.ஏ. ஆனார்.

அந்தப் படத்தில் இருந்த மரபுகள் புதியவை இல்லை. தனிமையான கடற்கரை விடுதி, காணாமல் போகும் பெண்கள், துப்பறியும் அதிகாரி என்று எல்லாமே பார்வையாளர்களுக்குப் பழகியவை. ஆனால் அதோடு ஒரு பத்திரிகை அலுவலகத்தையும், உண்மையை எழுதினால் அதற்கு வரும் மிரட்டலையும் சேர்த்தார்கள். பழகிய த்ரில்லர் நம்ம ஊர் விவகாரமாக மாறியது. படம் பெரிய வெற்றி பெற்றது.

பிறகு திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த ஆர்.கே.செல்வமணியின் 'புலன் விசாரணை' (1990), 'கேப்டன் பிரபாகரன்' (1991) படங்களிலும் விஜயகாந்த் நடித்தார்.

அடுத்த தலைமுறைக்குக் கதவு குறும்படம் வழியாகத் திறந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012-ல் 'பீட்சா' எடுத்தார். அதே மேடையிலிருந்து வந்த ராம்குமார் 2018-ல் 'ராட்சசன்' எடுத்தார். கார்த்திக் நரேன் 'துருவங்கள் பதினாறு' (2016) எடுத்தபோது அவருக்கு வயது 22 தான்.

திடுக்கிட வைப்பதா, தவிக்க வைப்பதா?

மாணவர் படங்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். இதற்கு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன விளக்கம் பிரபலம். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்வையாளருக்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான்.

அதே குண்டு அங்கே இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டால்? அவர்கள் பேசும் ஒவ்வொரு நிமிடமும் "எழுந்து ஓடுங்கப்பா" என்று பார்வையாளர் தவிப்பார்.

தமிழில் இதைச் செய்து காட்டியவர் எஸ்.பாலசந்தர். அவரது 'பொம்மை' (1964) படத்தில் வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கை மாறி மாறிப் போகும். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்வையாளருக்குத் தெரியும், பொம்மையை வைத்திருப்பவருக்குத் தெரியாது. படத்தின் பதற்றம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஓடுகிறது.

அவரே அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன் எடுத்த 'அந்த நாள்' (1954) வேறு வழியில் போனது. தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் நடித்த பாத்திரம் செத்துக் கிடக்கிறது. யார் சுட்டது? பாடலே இல்லாத அந்தப் படத்தை இந்த ஒரு கேள்வியே கடைசிவரை இழுத்துச் செல்கிறது.

ஒன்றில் பார்வையாளருக்குக் கூடுதலாகத் தெரியும், இன்னொன்றில் ஒன்றுமே தெரியாது. தொடக்கம் எழுதும் முன் இந்த இரண்டில் எது என்று முடிவு செய்தாக வேண்டும். பல மாணவர் படங்கள் முடிவு செய்வதில்லை. கத்தி காட்டுகிறார்கள், ஆனால் பார்ப்பவர் மனதில் கேள்வியும் இல்லை, தவிப்பும் இல்லை.

விருத்தாசலத்தில் எடுத்தால் எப்படி இருக்கும்?

கடலூர் மாவட்டத்தில் மணிமுக்தா ஆற்றங்கரையில் இருக்கிறது விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கும் ரயில் ஜங்ஷனுக்கும் பெயர் பெற்ற ஊர். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் இங்கே தயாராகின்றன.

பொம்மை செய்யும் முறையே த்ரில்லருக்குத் தோதானது. கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரமாக மண் படிந்து கெட்டியாகிறது. மீதிக் கூழை வெளியே கொட்டிவிட்டால், உள்ளே வெற்றிடமான பொம்மை கிடைக்கும். காயவைத்து, சூளையில் சுட்டால்தான் அது பீங்கான். சுடாத மண்ணைத் தட்டினால் மந்தமான சத்தம் வரும், சுட்டதைத் தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும்.

இந்தத் தகவலை வைத்தே இரண்டு தொடக்கங்கள் யோசிக்கலாம்.

முதல் வழி, 'அந்த நாள்' பாணி: அதிகாலை. பட்டறையில் ஒரு தொழிலாளி மட்டும். பலகையில் சுடாத பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். டப். டப். டப். அடுத்தது, டிங். கை நிற்கிறது. நேற்று இரவு சூளை எரியவே இல்லை. சுட்ட பொம்மை இங்கே எப்படி வந்தது? எடுத்து அசைக்கிறார். உள்ளே ஏதோ உருள்கிறது. டைட்டில்.

இரண்டாம் வழி, 'பொம்மை' பாணி: இரவு. பயந்துபோன ஒரு கை, ஈரம் காயாத பொம்மையின் அடித்துளை வழியாக ஒரு மெமரி கார்டை உள்ளே தள்ளுகிறது. வெளியே பைக் சத்தம். கை மறைகிறது. காலையில் தொழிலாளி பொம்மைகளைச் சூளைக்குள் அடுக்கத் தொடங்குகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பொம்மை ஏழாவது. சூளைக் கதவு மூடப்படுகிறது. டைட்டில்.

இரண்டிலும் ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, செயற்கை மழை இல்லை. ஆனால் மரபுகள் எல்லாம் இருக்கின்றன: தனி ஆள், கை குளோசப், அரை இருட்டு, நிசப்தத்தை உடைக்கும் சத்தம், மறைத்து வைத்த பொருள். ஊர் மட்டும் புதுசு. பொம்மை வேலை தெரிந்த விருத்தாசலம் மாணவருக்கு இது இயல்பாக வரும். ஹூடி போட்ட ஆளை எந்த ஊரிலும் எடுக்கலாம்.

'ராட்சசன்' படத்திலும் கொலையாளி விட்டுச் செல்லும் பரிசுப் பெட்டிக்குள் சிதைந்த பொம்மைத் தலைதான் இருக்கும். வீட்டில் குழந்தை வைத்து விளையாடும் பொருள் என்பதால்தான் அந்தப் பயம் உள்ளே இறங்குகிறது.

டைட்டிலும் சத்தமும் கதை சொல்லுமா?

டைட்டிலைக் கடைசி நேரத்தில் ஒட்ட வைக்கும் வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். 'செவன்' (1995) என்ற ஹாலிவுட் படத்துக்காக கைல் கூப்பர் வடிவமைத்த டைட்டில் காட்சியில், கொலைகாரனின் முகம் வராது. அவன் நோட்டுப் புத்தகங்களும் கைகளும்தான் வரும். எழுத்துகள்கூட கையால் கீறியது போல நடுங்கும். ஆளைப் பார்க்கும் முன்பே அவன் எப்படிப்பட்டவன் என்று புரிந்துவிடும். ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு போன் கேமரா இருந்தால் மாணவர்களும் இந்த வழியை முயன்று பார்க்கலாம்.

சத்தத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிரபலமான படத்தின் பின்னணி இசையை எடுத்துப் போட்டால், யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்துவிடும். வீடியோ முடக்கப்படலாம், அல்லது விளம்பர வருமானம் இசை உரிமையாளருக்குப் போகலாம். அதைவிட, பட்டறைச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து பயன்படுத்துவது மேல். 'டிங்' சத்தத்துக்கு யாரும் காப்புரிமை கேட்க மாட்டார்கள்.

எந்த மரபைத் தொடக்கூடாது?

பெண்ணின் பிணத்தில் தொடங்குவது த்ரில்லரின் மிகப் பழைய பழக்கம். 'ஊமை விழிகள்', 'ராட்சசன்' இரண்டிலும் பாதிக்கப்படுவது பெண்களும் சிறுமிகளும்தான். முழுநீளப் படத்தில் அந்தக் குற்றத்துக்குப் பதில் தேட நேரம் இருக்கிறது. 2 நிமிடத் தொடக்கத்தில் அது கிடையாது. அங்கே பெண் வெறும் அலறலாகவும் உடலாகவும் மட்டுமே மிஞ்சுகிறாள். கூடப் படிக்கும் மாணவிக்குக் கிடைக்கும் ஒரே வேடம் பிணம் என்றால், அந்தக் குழு இன்னொரு முறை யோசிக்கலாம்.

மாற்று வழி இருக்கிறது. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) ஒரே இரவில் நடக்கும் அடிதடிப் படம். ஆனால் அதன் தொடக்கப் பகுதியில், ஆதரவற்றோர் இல்லத்தில் இருக்கும் ஒரு சிறுமியிடம் "உன்னைப் பார்க்க ஒருவர் வருகிறார்" என்று சொல்லப்படுகிறது. யார் வருவது? ஒரு துளி ரத்தம் இல்லாமல் கேள்வி விழுந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

படத்தில் வரும் ஆபத்து நிஜ ஆபத்தாக மாறிவிடக் கூடாது. விருத்தாசலம் மாதிரி ஜங்ஷன் ஊரில் தண்டவாளத்தில் ஷூட் செய்ய ஆசை வரும்.

* ரயில் தண்டவாளம்: அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் நுழைவது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட முக்கியம், உயிர்.
* நிஜ வழக்கு: ஊரில் நடந்த குற்றத்தைக் கதையாக்கினால், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72 இதைத் தடை செய்கிறது. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் பிரிவு 23 இருக்கிறது. பெயர் மட்டுமல்ல, பள்ளி, தெரு என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் கூடாது.
* பொது இடம்: பொம்மைத் துப்பாக்கி, கடத்தல் காட்சி என்று தெருவில் எடுத்தால் பார்ப்பவருக்கு அது நிஜம். பக்கத்துக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுவது நல்லது.
* பட்டறை: உரிமையாளர் அனுமதி வேண்டும். எரியும் சூளை அருகே தொழில் தெரிந்தவர் இல்லாமல் ஷூட் செய்யக் கூடாது. சூளைக்குள் அடுக்கும் காட்சியை சூளை ஆறியிருக்கும்போது எடுக்கலாம்.

ஷூட்டிங் போகும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. 2 நிமிடம் முடியும்போது பார்வையாளர் மனதில் இருக்கும் கேள்வி என்ன? அதை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?
2. பார்வையாளருக்குக் கதாபாத்திரத்தைவிட அதிகம் தெரியுமா, குறைவாகத் தெரியுமா?
3. இந்தக் காட்சியை வேறு ஊரில் அப்படியே எடுக்க முடியுமா? முடியும் என்றால், நம்ம ஊர்ப் பொருள் ஒன்று குறைகிறது.
4. சத்தத்தை அணைத்துப் பார்த்தாலும், படத்தை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டாலும் பதற்றம் இருக்கிறதா?

நான்குக்கும் பதில் இருந்தால் கேமராவைத் தூக்கலாம். கத்தியும் ஹூடியும் அப்போதும் தேவைப்பட்டால், தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.