ரெண்டாவது ரிமோட்

ராஜபாளையத்தில் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் உடம்பு வெள்ளையா, மூக்கு ரோஸா என்று பார்ப்பார்கள். தாயை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் குட்டி கூடைக்குள் வந்துவிடும். நான் ஒரு வீடியோ கேம் மெஷின் வாங்க 2021-லிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

பி.காம். படித்தது தப்பாகப் போச்சு. நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு.

முதல் வரி, பிளேஸ்டேஷன் 5. அது 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடுகிற மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. எலெக்ட்ரானிக்ஸ் சாமான்தானே, பொறுத்தால் விலை இறங்கும் என்று தேய்மானக் கணக்குப் போட்டுக் காத்திருந்தேன். 2022 நவம்பரில் ரெண்டுக்கும் ஐயாயிரம் ஏற்றினார்கள். நான் படித்த அக்கவுண்டன்ஸி புத்தகத்தில் தேய்மானம் மேல்நோக்கிப் போனதாக எந்தப் பக்கத்திலும் இல்லை.

சரி, டிஸ்க் இல்லாததையே வாங்கலாமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் சிநேகிதன் விடவில்லை.

"மாப்ளே, டிஸ்க் இல்லேன்னா எனக்கு எப்படிடா இரவல் குடுப்பே? ஆடி முடிச்சதை எவன்கிட்டே விப்பே?"

அவன் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட். நியாயமாகப் பேசுவான்.

அடுத்து, கையில் வைத்து ஆடுகிற மெஷின்கள். கரண்ட் போனாலும் கவலையில்லை, அம்மாவின் சீரியலுக்கும் பங்கமில்லை. 2023 ஜூலையில் ஆர்.ஓ.ஜி. ஆலை 69,990 ரூபாய்க்கு வந்தபோது மயங்கிப்போய் ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பெழுதினேன். அப்போது ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. 1989-ல் நிண்டெண்டோ கேம் பாய் என்று ஒன்றை விட்டது. பச்சை பூத்த திரை, கலர் கிடையாது, இருட்டில் தெரியாது. நாலு பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். மறு வருஷமே சேகா கம்பெனி கேம் கியரை இறக்கியது. கலர், உள்ளே விளக்கு, சகல சௌபாக்கியம். ஆனால் ஆறு பேட்டரியை நாலைந்து மணி நேரத்தில் விழுங்கிவிடும். கடைசியில் கேம் பாய், அதன் கலர் தம்பியோடு சேர்ந்து, பதினோரு கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் ஒரு கோடி சொச்சம். கேம் பாயை உருவாக்கிய குன்பே யோகோய்க்கு, விலை மலிந்துபோன பழைய சரக்கைப் புது மாதிரி உபயோகிப்பதுதான் கொள்கையே. நம்ம ஊர் ஆள் மாதிரி இல்லை?

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் எனக்குப் பிடித்தது. இரு பக்கமும் ரிமோட்டைக் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2017-ல் அது வந்தபோதும் சரி, 2025-ல் ஸ்விட்ச் 2 வந்தபோதும் சரி, கம்பெனி அதை இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. ரிப்பேரானால் யார் காலில் விழுவது? கோடு போட்டு அடித்துவிட்டேன்.

போன ஞாயிறு சிநேகிதன் கால் கிலோ பால்கோவாவோடு வந்தான். நோட்டைக் காட்டினேன். புரட்டிவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும், பரண்லே பழைய டப்பா கிடக்கா?" என்றான்.

கிடந்தது. 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கேம்' என்று மஞ்சள் கேசட்டில் போட்டிருக்குமே, பத்தே பத்து கேம் திரும்பத் திரும்ப வருமே, அதே சாமான். வாத்து சுடும் துப்பாக்கிகூட இருந்தது. பழைய குண்டு டி.வி.க்குத்தான் அது சுடும், இந்தப் புது டி.வி.யில் வாத்துக்கு ஆயுள் கெட்டி. கேசட்டை ஊதினோம். ஓடியது! கான்ட்ரா போட்டோம். அவன் ரிமோட்டில் குதிக்கிற பட்டன் செத்துப்போயிருந்தது. குதிக்க வேண்டிய இடம் வந்தாலெல்லாம் செத்தான், எழுந்தான், சிரித்தான். மத்தியானம் மூணு மணி வரைக்கும் ஆடினோம். பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஏறி அவன் ஊர் பி.எஸ்.2 சென்டருக்குப் போவேன். பெஞ்சில் வரிசையாகக் காத்திருப்போம். அங்கே ஒருத்தனும் பிராசஸர் என்னவென்று கேட்டதில்லை. ரெண்டாவது ரிமோட் யாருக்கு என்பதில்தான் சண்டை.

பஸ் ஏறும்போது கேட்டான்: "அடுத்த வாரமும் லீவுதான். நீ வாங்கப் போற அந்த பிளேஸ்டேஷன்லே எத்தனை ரிமோட் வருது?"

பெட்டிக்குள் ஒன்றுதான் வருகிறதாம். ரெண்டாவது வேண்டுமென்றால் தனியாக வாங்கணும். மெஷின் இங்கே வந்தபோதே அதன் விலை 5,990 ரூபாய். நாலு வருஷம் கணக்கெழுதிய நோட்டில் இந்த வரியே இல்லை.

இப்போது எழுதிவிட்டேன். மெஷினுக்கு மேலே, முதல் வரியாக.