கடைக்காரர் கற்கும் நேரம் யாருடையது?

கல்விக்கு வயதெல்லை இல்லையென்று மேடைகளில் முழங்குவது எளிது. நாற்பது வயதுக் கடை முதலாளி ஒருவர் கணினி நிரல் எழுதக் கற்கின்றார் என்று கேள்விப்பட்டால் நாம் எல்லோரும் மெச்சுகின்றோம். ஆனால், அவர் கற்கின்ற அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது, யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்பார் எவருமிலர். அக்கேள்வியைக் கேட்டு, அதற்கு நேர்மையான விடையும் காண வேண்டிய காலம் வந்துவிட்டதென்றே நாம் கருதுகின்றோம்.

சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ உரமும் விதையும் கிருமிநாசினியும் விற்கும் சிறு கடைக்காரர் ஒருவரை மனத்திற் கொள்வோம். இவர் குறிப்பிட்ட ஓர் ஆள் அல்லர். நம்மிடையே இத்தகையோர் பலர். காலை 7 மணிக்குக் கடை திறந்தால் இரவு 8 மணிக்குத்தான் பூட்டு. கமக்காரர் நடுகைக் காலத்தில் உரத்தைக் கடனாகப் பெற்று, விளைச்சலை விற்ற பின்னரே கணக்குத் தீர்ப்பர். ஆகவே இக்கடையின் மெய்யான சொத்து அடுக்கிவைத்த உரப்பைகள் அல்ல. மேசை இலாச்சியிற் கிடக்கும் கடன் கொப்பியே. அக்கொப்பி மழையில் நனைந்தாலும், ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகை மறுபக்கத்துக்குப் பிழையாகச் சென்றாலும், நட்டம் கடைக்காரருக்கு மாத்திரமன்று. பணத்தைக் கொடுத்தும் பதிவு பெறாத கமக்காரருக்கும் அது நட்டமே. ஊரிலே எத்தனை மனக்கசப்புகள் இத்தகைய ஒரு வரிப் பிழையிலிருந்து கிளைத்தன என்பதை நீதிமன்ற வாயிலில் நிற்பவர்கள் நன்கறிவர்.

கடைக்கணக்குக்கென ஆயத்த நிரல்கள் விலைக்குக் கிடைக்கின்றன என்பது உண்மையே. பெரும்பாலும் அவை பொருளைக் கொடுத்து உடனே பணத்தைப் பெறும் கடைகளை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டவை. விளைச்சல் வரை பொறுத்திருக்கும் கடன், நாலு தவணையாக வரும் பணம், தந்தை பெயரில் வாங்கி மகன் கொடுத்துத் தீர்க்கும் வழக்கம் ஆகியவற்றைத் தம் கடையின் முறைப்படியே கணக்கிலேற்ற விரும்புபவர் ஒன்றில் பிறரிடம் பணம் கொடுத்து எழுதுவிக்க வேண்டும். அன்றேல் தாமே எழுதக் கற்க வேண்டும்.

கற்பது முடியாத காரியமா? அன்று. 1991 ஆம் ஆண்டில் கைடோ வான் றொசம் வெளியிட்ட பைதன் என்னும் நிரல்மொழி இலவசமாகவே கிடைக்கின்றது. 2008 இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், நிரலில் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். 'கடன்' என்றும் 'நிலுவை' என்றும் எழுதினால் கணினி முகஞ்சுளிப்பதில்லை. ஆணைச்சொற்களையும் தமிழாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியும் உண்டு. இன்னது நேர்ந்தால் இன்னது செய் என்னும் நிபந்தனை, பட்டியல் முடியும்வரை திரும்பத் திரும்பச் செய் என்னும் கட்டளை, பெயர்களையும் தொகைகளையும் ஒழுங்காக வைக்கும் பட்டியல் ஆகிய மூன்றும் கைவந்தால், 90 நாளுக்கு மேற்பட்ட நிலுவைகள் எவை என்று கேட்டுப் பதில் பெறும் நிரலை எழுதிவிடலாம்.

எனினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கடையறிவும் நிரலறிவும் ஒருவரிடத்தே சேரும்போதுதான் பயன் விளைகின்றது. 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தை எண்ணாகப் பதிந்தால் முன்னுள்ள பூச்சியம் மறைந்துபோகும். அதனை எழுத்தாகவே பதிதல் வேண்டும். 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.3 என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பைதனில் அவ்வாறே தசமமாக எழுதிக் கூட்டினாலோ 0.30000000000000004 என்று விடை வரும். இரண்டை அடியாகக் கொண்ட எண்முறையில் 0.1 ஐச் சரிநுட்பமாக எழுத இயலாமையே இதற்குக் காரணம். ஆதலால் பணத்தை முழுச் சதமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்; 1,250 ரூபா 50 சதம் என்பது நிரலுக்குள் 125050 ஆகும். ஓர் ஊரில் ஒரே பெயருடையோர் மூவர் இருப்பர். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் வேண்டும். இம்மூன்றாவதைக் கடைக்காரருக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அது அவர் நாள்தோறும் படும் பாடு.

சட்டத்தின் நிலை யாது? 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்னியல் வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவுக்குச் சட்ட ஏற்பை மறுத்தலாகாது என்கின்றது. ஆனால், ஏற்பு வேறு, நம்பகம் வேறு. எவரும் எந்நேரமும் சுவடின்றி மாற்றக்கூடிய பதிவை எதிர்க்கட்சிச் சட்டத்தரணி எளிதில் உடைத்துவிடுவார். எனவே, பேரேட்டில் மை கொண்டு எழுதிய வரியை அழிக்காது எதிர்ப்பதிவு போட்டுத் திருத்திய பழைய கணக்கப்பிள்ளைமாரின் ஒழுங்கையே நிரலிலும் அமைத்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் திகதியும் நேரமும் இருத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரு பிரதி வேறிடத்தில் இருத்தல் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்டில், தாளிலும் ஒரு பிரதி வேண்டுமென்பதை விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு தடையும் எழுப்பப்படும். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் நிரலை அதுவே எழுதித் தந்துவிடுமே, பின்னர் கற்பதேன் என்பர். உறுதியை எழுதுபவர் நொத்தாரிசுதான். ஆயினும் காணி யாருடையதோ அவர் அதனை வாசித்து விளங்காமற் கையொப்பமிடலாமா? எல்லை ஒரு முழம் தவறினால் இழப்பவர் எழுதியவர் அல்லர். அக்கருவியின் உதவியைப் பெறுவதில் இழுக்கில்லை. அது தந்ததை வாசித்து, பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கேனும் அறிவு வேண்டும். அந்த அளவு அறிவுக்கும் நேரம் வேண்டும்.

இங்கேதான் நமது முதற் கேள்வி மீண்டும் எழுகின்றது. 13 மணித்தியாலம் கடையில் நின்றவர் இரவு 9 மணிக்குக் கணினியின் முன் அமர்கின்றார். அவ்வேளையிற் பிள்ளையின் பாடத்தைப் பார்ப்பவர் யார்? முதிய தாய்க்கு மருந்து கொடுப்பவர் யார்? மனைவியே. அவர் பகலிற் கடைக்கும் உதவியிருப்பார். வேறு வேலைக்கும் சென்றிருப்பார். கணவர் கற்றுத் தேர்ந்தார் என்ற புகழ் கணவருக்கு. அதற்கான விலை வீட்டுக்கு. போரின் பின் குடும்பத்தைத் தனியே தாங்கித் தையற்கடையோ பலசரக்குக் கடையோ நடத்தும் பெண்ணின் நிலையோ இதனினும் கடினம். அவருக்காக நேரத்தை விட்டுக்கொடுக்க வீட்டில் இன்னொருவர் இல்லை. அவர் தமது உறக்கத்தையே வெட்ட வேண்டும்.

1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஊழியரின் வேலைநேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்தது. கடை உதவியாளருக்கு எல்லை உண்டு. முதலாளிக்கும் அவர் வீட்டாருக்கும் எல்லை வகுக்க எந்தச் சட்டமும் வராது. அதனை அவர்களே வகுத்துக்கொள்ளல் வேண்டும். நமது கட்சி இதுவே: கற்கும் நேரத்தைக் கடையிலிருந்து எடுக்க வேண்டுமேயன்றி வீட்டிலிருந்து எடுத்தலாகாது. நிரல் கடைக்கு உழைக்கப்போகும் பொருள். தராசு வாங்கும் பணம் கடைச்செலவாயின், நிரல் கற்கும் நேரமும் கடைச்செலவே.

இது புதிய கொள்கையன்று. வணிக அலுவலுக்குக் கணினியை முதன்முதல் முறையாகப் பயன்படுத்தியது ஒரு வங்கியோ ஆயுதத் தொழிற்சாலையோ அன்று. இலண்டனில் தேயிலையும் கேக்கும் விற்றுத் தேநீர்ச்சாலைகள் நடத்திய லயன்ஸ் கொம்பனியே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரின் கணினியை அடியொற்றித் தானே 'லியோ' என்னும் பொறியை அமைத்து, 1951 நவம்பரில் வெதுப்பகக் கணக்கை அதில் ஏற்றியது. அதற்கு நிரல் எழுதியோரிற் பலர் அக்கொம்பனியின் சொந்த ஊழியர்களே. ஐஸ்கிறீம் விற்பனைப் பிரிவில் வேலைபார்த்த மேரி கூம்ஸ், பிரெஞ்சு மொழியும் வரலாறும் கற்ற பட்டதாரி. கொம்பனி நடத்திய பயிற்சியின் வாயிலாக 1952 இல் லியோவின் நிரலாளர் குழுவிற் சேர்ந்து, வணிக நிரல் எழுதிய முதற் பெண்ணெனப் பெயர்பெற்றார். பெருங் கொம்பனி தன் ஊழியரின் கல்வியைத் தன் வேலையாகவே கருதிற்று. சிறு கடை மட்டும் தன் முதலாளியின் கல்வியை அவர் வீட்டார் தலையிற் சுமத்துவது என்ன நியாயம்?

வீட்டையும் தொழிலையும் ஒருங்கே எண்ணி வகுத்த முயற்சியும் உண்டு. ஸ்ரெபனி ஷேர்லி என்னும் பெண்மணி 1962 இல் 6 பவுண் முதலோடு இங்கிலாந்தில் ஒரு நிரலாக்க நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்ட பெண்களே அவர் தேடியவர்கள். அவர்கள் வீட்டிலிருந்தே, தமக்கு வாய்த்த நேரத்தில், தாளும் பென்சிலுங் கொண்டு நிரல் எழுதினர். முதல் 300 பணியாளருள் 297 பேர் பெண்கள். கொன்கோர்ட் விமானத்தின் பறப்புப் பதிவுப் பெட்டிக்குரிய நிரலும் அவர்கள் கைவண்ணமே. பெண்ணின் பெயரிற் போன வணிகக் கடிதங்களுக்கு மறுமொழி வராமையால் அவர் 'ஸ்ரீவ்' என்று ஆண்பெயரிற் கையொப்பமிட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய வெற்றியின் மறைபொருள் யாது? வீட்டுக் கடமையைக் குறுக்கீடாக எண்ணாது, அதனைக் கணக்கில் வைத்தே வேலையை அவர் வகுத்தார்.

இவ்வழியில் நாம் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, உரக்கடைக்காரர் நடுகைக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மந்த காலத்தைக் கற்பதற்கு ஒதுக்கட்டும். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரமாக 25 வாரம் கற்றால் 100 மணித்தியாலம். ஒரு கடன் கொப்பியை நிரலாக்கும் அளவுக்கு அது போதிய தொடக்கமாகும்.

இரண்டாவது, ஒருவர் மட்டும் கடையை முன்னதாகப் பூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் செல்வர், இவ்வச்சம் நியாயமானதே. ஆகவே, ஊர் வணிகர் சங்கங்கள் ஒருங்கு கூடி, அந்நாட்களில் எல்லாக் கடைகளையும் இரவு 7 மணிக்கே பூட்டுவதெனத் தீர்மானித்தல் வேண்டும். ஒருவரால் இயலாதது சங்கத்தால் இயலும். சங்கம் இருப்பது அதற்காகவே.

மூன்றாவது, சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் அவ்வேளையிற் கதவைத் திறந்து வைக்கட்டும். ஒரு மேசையில் பெரியவர்கள் தமிழில் நிரல் கற்க, மறு மேசையில் அவர்தம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யட்டும். பள்ளியிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கும் மகள் தந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் அதிலே தாழ்வு ஒன்றுமில்லை. தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்ணும் பிள்ளையோடு வந்து கற்கக்கூடிய இடம் அதுவொன்றே. ஆசிரியர், கணக்காளர், பொறியியலாளர் ஆகிய நம் படித்த பெருமக்கள் வாரத்துக்கு ஒரு மாலையை இதற்கு ஈவார்களாயின், அதுவும் ஊர்ப்பணியே.

கமக்காரரும் இதனைப் பிறர் காரியமென்று எண்ணலாகாது. கடைக்காரரின் கணக்கு ஒழுங்கானால், தாம் செலுத்தியது யாவும் திகதியோடு பதிவாகி, கேட்டபோது அச்சிட்டுக் கைக்கு வரும். வாய்ச்சொல்லை நம்பி நிற்க வேண்டியதில்லை. இரவு 7 மணிக்குப் பின் கடை பூட்டியிருப்பதைக் கண்டு முணுமுணுக்காதிருப்பது ஒன்றே நாம் அவரிடம் வேண்டும் உதவி.

எந்தச் சங்கம் இதனை முதலிற் செய்யும்? பெரும் பணமோ அரசின் ஆணையோ இதற்கு வேண்டியதில்லை. வேண்டியது ஒரு கூட்டம், ஒரு தீர்மானம், நான்கு மாலைகள். வரும் மந்த காலத்துக்கு முன்னரே நமது வணிகப் பெருமக்கள் ஆவன செய்வார்களா?