மின்சார எஞ்சினுக்கு ஏது 'குப் குப்'?

ரெயில் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தங்களுக்குள் அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். பிளாட்பாரத்தின் கடைசியில், கழுத்தில் கேமராவோடு நிற்பார்கள். நாமெல்லாம் வண்டி எவ்வளவு லேட் என்று பார்ப்போம். அவர்கள் எந்த எஞ்சின் மாட்டி வருகிறது என்று பார்ப்பார்கள். கண்ணில் படும் முன்பே ஊதல் சத்தத்தைக் கேட்டு டீசலா, மின்சாரமா என்று சொல்லிவிடுவார்கள்.

இவர்களோடு உட்கார்ந்து டி.வி. பார்ப்பது பெரிய கஷ்டம்! விளம்பரத்தில் ரெயில் வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். "கிளம்பும்போது மின்சார எஞ்சின், அடுத்த ஷாட்டில் டீசல் எஞ்சின். நடுவில் யார் மாற்றினது?" "எழும்பூரில் ஏறின பொண்ணு ஜன்னல் வழியா பார்த்தா ஊட்டி மலை தெரியுதே, எப்படி?" "அது கூட்ஸ் வண்டி எஞ்சின். அதைக் கொண்டுபோய் எக்ஸ்பிரசில் மாட்டியிருக்கான் பாருங்க!"

காபித்தூள் விற்கிறவனுக்கும் ஜவுளி விற்கிறவனுக்கும் இதெல்லாம் என்ன கவலை? முப்பது செகண்டுக்குள் அப்பா ஊருக்கு வந்து சேர வேண்டும், மகள் ஓடிவந்து கட்டிப்பிடிக்க வேண்டும். எஞ்சினின் நெற்றியில் என்ன எழுதியிருந்தால் என்ன? (எழுதியிருப்பதற்கு அர்த்தம் இல்லாமல் இல்லை. டபிள்யூ.ஏ.பி. 7 என்றால் டபிள்யூ அகலப்பாதை, ஏ மாற்று மின்சாரம், பி பயணிகள் வண்டி. பி இருக்கும் இடத்தில் ஜி இருந்தால் சரக்கு வண்டி. இதைத் தெரிந்துகொண்டால் நீங்களும் பாதிப் பைத்தியம்.)

இந்தக் குறைகளில் முக்கால்வாசியைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். நாமும் விட்டுவிடுகிறோம். பெயிண்ட் நிறம் மாறிப்போச்சு, பெட்டி நம்பர் தப்பு என்பதற்கெல்லாம் தலையங்கம் எழுதினால் வாசகர்கள் பேப்பரை மடித்து வடை கட்டிவிடுவார்கள். ஆனால் அவர்கள் சொல்வதில் இரண்டு விஷயம் அப்படி விட்டுவிடக் கூடியது அல்ல. இரண்டிலும் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

முதல் விஷயம் சத்தம்.

டி.வி.யில் ஓடுவது மின்சார எஞ்சின். பின்னணியில் கேட்பது 'குப்... குப்... கூ...!' இது நீராவி எஞ்சினுக்குத்தான் உரியது. அந்த எஞ்சினில் இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் நீராவி முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறித் தள்ளும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நாலு தடவை புகைபோக்கி வழியாக மூச்சு விடும். அந்த மூச்சுதான் 'குப் குப்'. அரை மைல் தள்ளி வரும்போதே ஊருக்கெல்லாம் கேட்கும். மாடுகூட ஒதுங்கிப் போகும்.

மின்சார எஞ்சினுக்கு மூச்சு ஏது? மேலே கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் ஓடுகிறது. தலையில் இருக்கும் கூடு அதைத் தொட்டு எடுக்கிறது. டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்துக் கொடுக்க, அச்சில் இருக்கும் மோட்டார் சுற்றுகிறது. விசிறி இரைச்சல் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். எதிரே நேராக வரும்போது சத்தம் குறைவு. பக்கத்தில் வந்த பிறகுதான் 'உஷ்' என்று தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்? அந்தக் காலத்துத் 'தடக் தடக்'கும் குறைந்துவிட்டது. தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் சக்கரம் விழுந்து எழுந்த சத்தம் அது. இப்போது துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து நீளமாகப் போட்டுவிடுகிறார்கள்.

குழந்தைக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் இரண்டு சத்தமும் போய்விட்டது. டி.வி.யோ அந்தச் சத்தத்தைத்தான் திரும்பத் திரும்பக் காதில் போடுகிறது. 'ரெயில் வந்தால் சத்தம் கேட்கும்' என்ற நினைப்பில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுகிறான் பையன். மணிக்கு 110 கிலோ மீட்டரில் வரும் வண்டி 100 மீட்டரை மூணே கால் செகண்டில் கடந்துவிடும். டிரைவர் பார்த்து பிரேக் போட்டாலும் வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் பிடிக்கும். பிறகு எழும்பூர் ரெயில்வே போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரணை. கடற்கரை–தாம்பரம் பாதையில் தினம் போய்வருகிற வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கையைப் பாருங்கள். அந்தப் பாதையில் 1931-லேயே மின்சார ரெயில் ஓட ஆரம்பித்துவிட்டது. மீட்டர் கேஜ் வண்டி போய் அகலப்பாதை வந்து, அதுவும் பழசாகிவிட்டது. சென்னைக்காரன் மூணு தலைமுறையாக மின்சார ரெயிலில் போகிறான். அவன் வீட்டுப் பிள்ளை ரெயில் விளையாட்டு விளையாடினால் 'குப் குப்' என்கிறது! அகலப்பாதையில் கடைசி நீராவி வண்டி ஓடியது 1995 டிசம்பர் 6-ந்தேதி, பஞ்சாபில். அப்போது பிறந்த குழந்தைக்கே கல்யாண வயது தாண்டிவிட்டது.

ரெயில்வேயே இதற்கு விலக்கல்ல. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டி சமயம் ரெயில்வேக்காக ஒரு விளம்பரம் வந்தது. ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி, கையை முன்னும் பின்னும் ஆட்டி ரெயில் விடுவார்கள். 1968-ல் வந்த 'ஆசீர்வாத்' இந்திப் படத்தில் அசோக்குமார் பாடிய ரெயில் பாட்டின் மெட்டு அதில் ஒலிக்கும். அந்தக் கை ஆட்டம் எதைக் காட்டுகிறது? நீராவி எஞ்சினின் சக்கரங்களைச் சேர்க்கும் தண்டைத்தான். மின்சார எஞ்சினில் அது கிடையாது.

ஆனாலும் அந்த விளம்பரத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். அது விளையாட்டு, பார்க்கிறவருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். நிஜ தண்டவாளம், நிஜ எஞ்சின், நிஜ ஸ்டேஷனைக் காட்டி அதன் மேல் பொய்ச் சத்தத்தை ஒட்டுவதுதான் தப்பு. நீராவிச் சத்தம் அவசியம் வேண்டும் என்கிறவர்கள் மேட்டுப்பாளையம் போகட்டுமே! ஊட்டி மலை ரெயிலில் இன்றைக்கும் நிஜமான 'குப் குப்' கேட்கலாம். சுவிட்சர்லாந்தில் செய்த எஞ்சின்கள் அங்கே ஓடின. பிறகு நம்ம திருச்சி பொன்மலை பணிமனையிலேயே புதிதாகச் செய்து அனுப்பினார்கள். பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் மலைப்பாதை அது. பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அது மூச்சு வாங்கி ஏறுவதைப் படம் எடுத்தால் எந்த ரெயில் பைத்தியமும் வாயைத் திறக்காது.

இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். விளம்பரத்து ஹீரோ ரெயிலுக்குள் உட்காருவதே இல்லை! கதவுக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வெளியே விட்டு, தலைமுடி பறக்கத் தொங்குகிறான். இல்லையென்றால் தண்டவாளத்தின் மேலேயே கைகோத்து நடக்கிறார்கள். சினிமா கற்றுக்கொடுத்த பாடம் இது. 1998-ல் 'உயிரே' படத்தில் ஊட்டி ரெயிலின் கூரை மேலேயே ஆடினார்கள், நாடே கைதட்டியது. மலை ரெயில் ஆளோடு ஆளாக நடக்கிற வேகத்தில் போகிறது. செங்கல்பட்டு வண்டி அப்படியா போகிறது?

2018 ஜூலை 24-ந்தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். பரங்கிமலை ஸ்டேஷனில், கூட்டம் தாங்காமல் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பிளாட்பாரத்துத் தடுப்புச் சுவரில் மோதி விழுந்து செத்தார்கள். அவர்கள் ஸ்டைலுக்காகத் தொங்கியவர்கள் அல்ல, வேலைக்குப் போகிற அவசரம். அந்த அவசரத்துக்குக் கூடுதல் வண்டி விட வேண்டியது ரெயில்வேயின் கடமை. அதை இந்தப் பக்கத்திலே பலமுறை கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் உள்ளே இடம் இருந்தும் படியில் நிற்கிற பையன்களும் இருக்கிறார்கள். தினம் பார்க்கிறோம். "உள்ளே வாப்பா" என்றால் முறைக்கிறான். ஹீரோ நிற்கிற இடத்தில் நான் நிற்கிறேன், உனக்கென்ன பெரிசு என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

படியிலோ கூரையிலோ பயணம் செய்வது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் 156-வது பிரிவின்படி குற்றம். தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 147-வது பிரிவு. ஏழைப் பையன் செய்தால் பிடித்துக்கொண்டு போய் அபராதம். பனியன் விளம்பரத்தில் செய்தால் அழகு! இது என்ன நியாயம்?

"கற்பனைக்குக் கூடவா சட்டம்?" என்று விளம்பரக் கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். ஏன், சினிமாவில் சிகரெட் பிடித்தால் கீழே எச்சரிக்கை வருகிறதே, அதனால் கற்பனை செத்துவிட்டதா? மேலும் ரெயிலும் ஸ்டேஷனும் யாருடைய சொத்து? படம் எடுக்க ரெயில்வேயிடம் மனுப்போட்டு, கட்டணம் கட்டி, அனுமதி வாங்கித்தான் கேமராவை வைக்கிறார்கள். அனுமதி கொடுக்கிற கையில் பேனாவும் இருக்கிறது. ஓடும் வண்டியில் படியில் தொங்கும் காட்சி கூடாது, தண்டவாளத்தில் நடக்கும் காட்சி கூடாது, எந்த எஞ்சினைக் காட்டுகிறாயோ அதன் ஊதலையே போடு என்று மூணு வரி சேர்த்து எழுத எத்தனை நேரம் ஆகும்? காசு செலவே இல்லாத சீர்திருத்தம் இது. ஸ்டுடியோவில் போலி ரெயில் கட்டி எடுக்கிறவர்களுக்கும், கம்ப்யூட்டரில் ரெயில் வரைகிறவர்களுக்கும் விளம்பரத் துறைக்காரர்கள் தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பெரம்பூர் ஐ.சி.எப்.பில் நம்ம ஆட்கள் கட்டிய வந்தே பாரத் 2019 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்தது. அதற்குத் தனி எஞ்சினே கிடையாது, மோட்டார் எல்லாம் பெட்டிகளுக்கு அடியில். அந்த வண்டிக்கும் 'குப் குப்' போடுகிற புண்ணியவான் நாளைக்கு வருவான். அவனைத் தடுக்க ஒரு வழி சொல்கிறோம். அனுமதி தரும் மேஜைக்குப் பக்கத்தில், பிளாட்பாரக் கடைசியில் நிற்கிற பைத்தியங்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். படத்தைப் போட்டுக் காட்டினால் முப்பது செகண்டில் முப்பது தப்புச் சொல்வார். சம்பளம் கேட்க மாட்டார். ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக் கொடுத்தால் போதும்.