குணமானது உண்மை, மருந்தாலா?

பிள்ளைகளுக்குப் பழக்கமான ஸொம்பிப் படங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். ஊரெல்லாம் பரவிவிட்ட தொற்றுக்கு ஒரு விஞ்ஞானி மருந்து கண்டுபிடிப்பார். கட்டிலில் கட்டிவைக்கப்பட்ட நோயாளி ஒருவருக்கு அதை ஏற்றுவார். சற்று நேரத்தில் அந்நோயாளி கண் திறந்து தன் பிள்ளையின் பெயரைச் சொல்வார். உலகம் பிழைத்துவிடும்.

கதைக்கு இது போதுமான ஆதாரம்தான். ஏனெனில் கதையில் ஸொம்பியாக மாறியவர் தானாகக் குணமடைவதே இல்லை. நாம் காணும் நோய்கள் அப்படிப்பட்டவை அல்ல. கொவிட் தொற்றியவர்களில் பெரும்பாலானோர் விசேட மருந்து எதுவும் இல்லாமலே சுகமடைந்தனர். டெங்குவிலும் பெரும்பாலானோர் நிலை அதுவே. தானாகக் குணமாகக்கூடிய நோயில் "குடித்தேன், சுகமானது" என்ற சாட்சியம் எதையும் நிரூபிக்காது.

2020 டிசம்பரில் நமது நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணி கொவிட்டைத் தடுக்கும், குணமாக்கும் என்று கேகாலையில் ஒருவர் அறிவித்தார். நோய் பரவும் காலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் அவர் ஊரில் முண்டியடித்து நின்றனர். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அப்பாணியைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதமே அவருக்குக் கொவிட் உறுதியானது. நாடே சிரித்தது.

அந்தச் சிரிப்பிலும் ஒரு பிழை உண்டு. ஒருவர் சுகமானது மருந்துக்குச் சான்று இல்லையென்றால், ஒருவர் நோயுற்றது மட்டும் அதற்கு எதிரான முழுச் சான்றாகிவிடுமா? ஆகாது. பாணியைக் குடித்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, குடிக்காதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்ற ஒப்பீடு அப்போது எவர் கையிலும் இருக்கவில்லை. அது இல்லாமலே மக்கள் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள் என்பதுதான் குற்றம்.

ஒப்பிட்டுப் பார்ப்பது மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸி, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளரில் ஒரு பகுதியினருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை செய்தார். மறு பகுதியினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டார். சிகிச்சை பலித்தது என்று முடிவும் கண்டார். அவர் எழுப்பிய கேள்வி சரியானது. ஆனால் மூளைக் காய்ச்சலுக்கு இன்று எவரும் இரத்தம் வெளியேற்றுவதில்லை. பெரியவர் ஒருவரின் பெயரும் ஆதாரமாகிவிடாது. ஒப்பீடும் முறையாகச் செய்யப்பட வேண்டும்.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச்சில் பிரான்சில் வெளிவந்த ஆய்வு காட்டியது. மலேரியாவுக்கு உரிய குளோரோகுயின் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் குளிசை கொவிட்டுக்கும் உதவுகிறது என்றது அது. மருந்து தொடங்கியவர்கள் 26 பேர். இறுதிக் கணக்கில் இருந்தவர்கள் 20 பேர். விடுபட்ட ஆறு பேரில் மூவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்தவர். மருந்து பெறாத 16 பேரும் எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்டவர்கள் அல்லர். மருந்தை மறுத்தவர்களும் வேறு வைத்தியசாலைகளில் இருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். அளந்ததோ உயிர் பிழைத்தோரின் எண்ணிக்கையை அல்ல, மூக்கில் வைரசு எஞ்சியிருக்கிறதா என்பதை. உலகத் தலைவர்கள் வரை இம்மருந்தைப் புகழ்ந்தனர். 2024 டிசம்பரில் அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது.

2020 ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவில் 'ரிக்கவரி' என்ற பெரும் பரிசோதனை நடந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வழமையான பராமரிப்பு மட்டும் என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் கணினி தீர்மானித்தது. ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் 27 வீதமானோர் இறந்தனர். பெறாத 3,155 பேரில் 25 வீதமானோர். பயனில்லை என்பது தெளிவாயிற்று. டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்தோ செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை 41 வீதத்திலிருந்து 29 வீதமாகக் குறைத்தது. ஆனால் ஒட்சிசன் தேவைப்படாத நோயாளருக்கு அதனால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை. நல்ல மருந்துகூட எல்லோருக்கும் நல்லதல்ல என்பதையும் அதே பரிசோதனைதான் சொன்னது.

இதில் நமது சமூகத்துக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. கொவிட்டால் இறந்தவர்களை அடக்கினால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று சொல்லி, 2020 ஏப்ரல் முதல் எமது ஜனாஸாக்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு கூறியிருந்தது. "ஆதாரம் எங்கே?" என்று நாம் கேட்டோம். கேட்டது முற்றிலும் நியாயம். 2021 மார்ச்சில்தான் இம்மாவட்டத்தின் ஓட்டமாவடியில், மஜ்மா நகர் மண்ணில், அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

ஆதாரமில்லாத ஒரு வார்த்தை எவ்வளவு வலிக்கும் என்பதை ஓட்டமாவடியை விட நன்கறிந்த ஊர் ஏது? அப்படியிருக்க, நமக்குப் பிடிக்காத கூற்றுக்கு மட்டும் ஆதாரம் கேட்டு, பிடித்த கூற்றை வட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்புவது நியாயமாகாது. தேனை நாம் மதிக்கிறோம் என்பதால் தேன் கலந்த எல்லாம் மருந்தாகிவிடாது.

வாவிக்கரை ஊர்களில் மழைக்காலம் வந்தால் டெங்குவும் வரும். கூடவே பப்பாளி இலைச் சாற்றின் புகழும் வரும். "சாறு கொடுத்தோம், குருதிச் சிறுதட்டு கூடியது" என்பார்கள். ஆபத்தான கட்டம் கடந்ததும் சிறுதட்டு தானாகவே கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த ஆபத்தான கட்டமோ பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. சாறு பலித்துவிட்டது என்று வீட்டில் மகிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் பிள்ளை வைத்தியசாலையில் இருந்தாக வேண்டும்.

ஆகவே பெற்றோரே, மாணவிகளே, எந்த மருந்துச் செய்தி வந்தாலும் நான்கு கேள்விகள் கேட்போம். யாருடன் ஒப்பிட்டார்கள்? அவர்களை எப்படிப் பிரித்தார்கள்? தொடங்கிய எல்லோரும் கணக்கில் இருக்கிறார்களா? எதை அளந்தார்கள்? விஞ்ஞானப் பாடத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை படிக்கும் ஒன்பதாம் தரப் பிள்ளைக்கும் இவை புரியும். ஒரு ஸொம்பி நோயைக் கற்பனை செய்து, அதற்கு இரண்டு மருந்துகளை வைத்து, வகுப்பிலேயே இக்கேள்விகளைப் பழகலாம். பயமில்லாத நாளில் பழகாத கேள்வி, பயம் பிடித்த நாளில் வாயில் வராது.